பெயின்ட் அடிப்பதற்கு முன்: எஃகுக் கட்டமைப்புப் பட்டறைகளுக்கு ஒரு திறந்த மடல்

திருச்சி, துவாக்குடி, திருவெறும்பூர் வட்டாரத்தில் எஃகுக் கட்டமைப்பு வேலை எடுத்துச் செய்யும் பட்டறை உரிமையாளர்களுக்கும், அவர்களுக்கு வேலை கொடுக்கும் நிறுவனங்களின் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

உங்களில் பலருக்கு என் முகம் தெரியும். 11 வருஷம் வெல்டராக ராடு பிடித்தவன். அதன் பிறகு 20 வருஷம் இன்ஸ்பெக்டராக, டார்ச்சும் வெல்ட் கேஜும் பையில் போட்டுக்கொண்டு உங்கள் பட்டறைகளில் ஏறி இறங்கினேன். உங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன், சண்டையும் போட்டிருக்கிறேன். ஓய்வு பெற்றபின் இதிலெல்லாம் தலையிடக் கூடாது என்றுதான் இருந்தேன். போன மாதம் உறவுக்காரப் பையன் ஒருவனைப் பார்க்க ஒரு பட்டறைக்குப் போனேன். வெல்ட் போட்டு ஒரு மணி நேரம்கூட ஆகாத கர்டர் (எஃகு உத்தரம்) மேல் ரெட் ஆக்சைடு பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். கை வைத்தால் இன்னும் சுட்டது. வாசலில் டிரெய்லர் நின்றது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதே அவசரத்தில் நானும் ஒரு முறை கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு தொழிற்சாலைக்கான கிரேன் கேன்ட்ரி கர்டர், கிரேன் ஓடும் உத்தரம். கீழ் ஃபிளேஞ்சுக்கு, அதாவது உத்தரத்தின் கீழ்ப்பட்டைக்கு, 25 மி.மீ. தகடு, இரண்டு பக்கமும் வி வெட்டி, முனையோடு முனை சேர்க்கும் பட் வெல்ட். ஒரு பக்கம் போட்டு முடித்ததும் தகட்டைப் புரட்டி, பின்பக்கம் ரூட்டை, அதாவது வெல்டின் அடியை, ஆர்க்கால் உருக்கித் தோண்டும் கௌஜிங் செய்து, நல்ல உலோகம் தெரியும்வரை தோண்டிவிட்டுத்தான் மறுபக்கம் தொடங்க வேண்டும். அன்றைக்குக் கௌஜிங் ராடு தீர்ந்திருந்தது. கிரைண்டரால் மேலோட்டமாக ஒரு தேய் தேய்த்துவிட்டு மறுபக்கத்தையும் போட்டுவிட்டார்கள். சாயங்காலம் டீ குடிக்கும்போது அந்த வெல்டர் என் பக்கத்தில் வந்து நின்றார். "அண்ணே, அந்த ஜாயின்ட்ல ரூட் சரியா ஒட்டலைன்னு தோணுது, ஒரு தடவை பாத்துருங்க" என்று மெதுவாகச் சொன்னார். ஒப்பந்தப்படி 10 சதவீத ஜாயின்ட்டுகளுக்குத்தான் எக்ஸ்ரே. அந்த ஜாயின்ட் பட்டியலில் இல்லை. போய்ப் பார்த்தேன். கேப் பாஸ், அதாவது மேல் அடுக்கு, மீன் செதில் போல அடுக்கடுக்காக அழகாக இருந்தது. ஓரம் அரித்த அண்டர்கட் இல்லை, ஓட்டை இல்லை. லாரி காத்திருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

நான்கு வருஷம் கழித்து, அந்தக் கிரேனை ஓட்டியவர் ஒரு இடத்தைக் கடக்கும்போதெல்லாம் புதிதாக ஒரு தட்டல் சத்தம் கேட்பதாகச் சொல்லி, கிரேனை நிறுத்திவிட்டார். அவர் நிறுத்தியதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஃபிளேஞ்சின் அகலத்தில் பாதிக்கு மேல் விரிசல் விட்டிருந்தது. வெட்டி எடுத்த துண்டைப் போய்ப் பார்த்தேன். உடைந்த முகத்தின் நடுவில் ஃபிட்டர் விட்டுவைத்த 2 மி.மீ. ரூட் ஃபேஸ், வி-யின் அடியில் வெட்டாமல் விடும் தட்டை விளிம்பு, அப்படியே இருந்தது, ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்த மாதிரி, கறுப்பாக. வெல்ட் அதைத் தொடவே இல்லை. அதைச் சுற்றி, ஆற்று மணலில் தண்ணீர் வற்றியபின் தெரியும் வரிகள் போல, விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்த தடம். அது வேலை செய்யும்போது உண்டான விரிசல் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்குத்தான் தெரியும், அதைப் பட்டறையிலேயே செய்து, பெயின்ட் அடித்து, லாரியில் ஏற்றி அனுப்பினோம் என்று.

இப்போது உங்களிடம் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். நாம் வெல்டை அதன் முகத்தைப் பார்த்து மதிப்பிடுகிறோம். வலிமையைச் சோதிக்கிறோம். ஆனால் வெல்ட் உடைவது பெரும்பாலும் வலிமைக் குறைவால் இல்லை. உள்ளே ஒரு கூர்மையான குறை இருக்கிறது, அந்த இடத்து உலோகத்துக்கு அதைத் தாங்கும் குணம் இல்லை, இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கும்போது உடைகிறது. இந்த இரண்டையும் நம் ஒப்பந்தங்களில் முக்கால்வாசி கேட்பதே கிடையாது.

ஜவுளிக்கடையில் துணி கிழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அளந்து முடித்ததும் ஓரத்தில் கத்தரியால் ஒரு அங்குலம் வெட்டு விடுவார் கடைக்காரர். அப்புறம் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் இழுத்தால் சர்ரென்று கடைசிவரை போய்விடும். அந்த வெட்டு இல்லாமல் அதே துணியைப் பக்கத்துக்கு ஒருவராக நின்று இழுத்தாலும் கிழியாது. நூலின் பலம் மாறவில்லை. இழுப்பு முழுவதும் வெட்டின் முனையில் இருக்கும் ஒரே ஒரு நூலில் போய்க் குவிகிறது. அது போனதும் அடுத்த நூல்.

எஃகுத் தகட்டிலும் இதே கணக்குத்தான். தகட்டில் வட்டமாக ஒரு ஓட்டை இருந்தால் அதன் ஓரத்தில் தகைவு (ஒரு சதுர மி.மீ.க்கு விழும் விசை) 3 மடங்காகும். அதே ஓட்டையை நசுக்கி நசுக்கி நீளமாக, கூராக ஆக்கினால் முனையில் தகைவு ஏறிக்கொண்டே போகும் என்று 1913-லேயே இங்கிலிஸ் என்ற பொறியாளர் கணக்குப் போட்டுக் காட்டினார். 1921-ல் கிரிஃபித் அதிலிருந்து மேலே போய், ஒரு விரிசல் எப்போது தானாக ஓடத் தொடங்கும் என்பதை விளக்கினார். அவர் சோதித்தது கண்ணாடியை. பின்னால் வந்தவர்கள் அதை உலோகத்துக்குப் பொருத்தினார்கள். நமக்கு வேண்டிய சாரம் இவ்வளவுதான்: விரிசல் முனையில் சேரும் தீவிரம் சுமையோடு நேராக ஏறும், விரிசலின் ஆழத்தோடு வர்க்கமூலக் கணக்கில் ஏறும். ஆழம் 4 மடங்கானால் தீவிரம் 2 மடங்கு. அந்தத் தீவிரம் அந்த உலோகத்தின் தாங்குதிறனைத் தொட்டதும், சுமை யீல்டு அளவில் (எஃகு நிரந்தரமாக நீளத் தொடங்கும் அளவு) பாதிகூட வராவிட்டாலும், ஜாயின்ட் போய்விடும்.

இதைப் புரிந்துகொண்டால் நம் பழக்கம் எவ்வளவு தலைகீழாக இருக்கிறது என்பது தெரியும். எக்ஸ்ரே படத்தில் நாலு போரோசிட்டி புள்ளி, அதாவது வாயுக் குமிழி, தெரிந்தால் பட்டறையே பதறுகிறது. வெட்டு, திரும்பப் போடு என்கிறோம். போரோசிட்டி உருண்டை. அது தரக் குறைவுதான், வெல்டரின் ராடு ஈரமாக இருந்தது என்பதற்கோ காற்று வீசியது என்பதற்கோ அறிகுறிதான், அளவு மீறினால் தள்ளத்தான் வேண்டும். ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும் சில உருண்டைகள் ஜாயின்ட்டை உடைப்பது அபூர்வம். உடைப்பவை தட்டையானவை: பக்கச் சுவரில் ஒட்டாமல் போன இடம், ரூட் ஊடுருவாமல் விட்ட இடம், ஹைட்ரஜன் விரிசல். இவை கத்தி போன்றவை. வேதனை என்னவென்றால், எக்ஸ்ரே படத்தில் நன்றாகத் தெரிவது உருண்டை. கத்தி, கதிர் போகும் திசையோடு ஒரே கோட்டில் நின்றால்தான் கோடாகத் தெரியும். வி வெட்டின் சாய்வில் ஒட்டாமல் போன இடம் கதிருக்குச் சாய்வாக இருக்கும், படத்தில் ஒன்றுமே இல்லாததுபோல் வரும். அதைப் பிடிக்க அல்ட்ராசானிக் (ஒலி அலைச் சோதனை) வேண்டும், அதுவும் சரியான கோணத்துப் புரோபோடு, அவசரப்படாத ஆள் வேண்டும். படம் சுத்தமாக இருக்கிறது என்று கோப்பில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம். 25 மி.மீ.க்கு மேற்பட்ட முக்கிய இழுவிசை ஜாயின்ட்டுகளுக்காவது அல்ட்ராசானிக் வையுங்கள் என்று பல வருஷமாகக் கேட்கிறேன். இந்த மடலிலும் கேட்கிறேன்.

இன்னொன்று, சுமை என்றதும் மேலே வைக்கும் சுமையை மட்டும் நினைக்கிறோம். வெல்ட் ஆறும்போது சுருங்கப் பார்க்கும். சுற்றிலும் இருக்கும் குளிர்ந்த தகடு விடாது. இந்த இழுபறி ஜாயின்ட்டுக்குள்ளேயே நிலைத்துவிடும். வெல்டுக்குப் பக்கத்தில் அது யீல்டு அளவுக்கே இருக்கலாம். ஆக, கர்டரை ஸ்டாண்டில் சும்மா வைத்திருக்கும்போதே விரிசல் முனையை யாரோ இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். "இன்னும் லோடே ஏத்தலையே, எப்படிக் கீறும்" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. 1943 ஜனவரி 16 அன்று அமெரிக்காவின் போர்ட்லண்ட் துறைமுகத்தில் ஸ்கெனெக்டடி என்ற புத்தம்புது எண்ணெய்க் கப்பல், அமைதியான தண்ணீரில், கட்டி நின்ற இடத்திலேயே ஏறக்குறைய இரண்டாகப் பிளந்தது. அந்தப் போர்க்காலத்தில் வெல்டிங் செய்து கட்டிய கப்பல்கள் பலவற்றில் இப்படி நடந்தது. ரிவெட் கப்பலில் ஒரு தகட்டில் விரிசல் வந்தால் அந்தத் தகட்டின் ஓரத்தோடு நின்றுவிடும். வெல்டிங் எல்லாத் தகடுகளையும் ஒரே தகடாக்கிவிடுகிறது. நமக்கு அதுதான் வசதி, விரிசலுக்கும் அதுதான் வசதி. அந்தக் கப்பல்களின் எஃகு குளிரில் கண்ணாடி போல் உடையும் தன்மைக்கு மாறுவதை கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற அம்மையார் ஆராய்ந்து காட்டினார்.

குளிர் என்றதும் நீங்கள் சொல்லப்போவது எனக்குத் தெரியும். திருச்சியில் குளிர் ஏது சார், மே மாதம் தகட்டில் தோசை சுடலாம். இதற்கு நான் எப்போதும் சொல்லும் பதில் அமெரிக்காவின் நார்த்ரிட்ஜ் பூகம்பம்.

1994 ஜனவரி 17, விடியற்காலை 4.31. லாஸ் ஏஞ்சலீஸ் பக்கம் 6.7 அளவில் பூகம்பம். அங்கே எஃகுச் சட்டக் கட்டடங்கள் பூகம்பத்துக்கு மிகப் பாதுகாப்பானவை என்று பொறியாளர்கள் நம்பியிருந்தார்கள். உத்தரம் வளையும், தூண் நிற்கும், சக்தி அதில் கரைந்துவிடும் என்பது கணக்கு. அந்த எஃகுக் கட்டடங்கள் விழவும் இல்லை. வெளியில் பார்த்தால் பல கட்டடங்களில் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு சுவரையும் தீத்தடுப்புப் பூச்சையும் உரித்துப் பார்த்தால் நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களில் உத்தரமும் தூணும் சேரும் வெல்டுகள் வெடித்திருந்தன. வளையவே இல்லை, நேராக உடைந்திருந்தன. சில இடங்களில் விரிசல் தூணுக்குள்ளேயே போயிருந்தது. அது பனி உறையும் ஊர் கிடையாது.

ஏன் உடைந்தது என்று அவர்கள் பல வருஷம் ஆராய்ந்தார்கள். அதில் கிடைத்த ஒவ்வொன்றையும் நம் பட்டறைகளில் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கீழ் ஃபிளேஞ்ச் வெல்டைப் போட வெல்டர் உத்தரத்தின் மேலிருந்து குனிந்து, நடுவில் வெப் (உத்தரத்தின் நிற்கும் தகடு) தடுப்பதால் ஒரு பக்கம் பாதி, மறுபக்கம் பாதி என்று நிறுத்தி நிறுத்திப் போட வேண்டியிருந்தது. வெப்புக்கு நேர் கீழே, ஒவ்வொரு பாஸும் தொடங்கி முடியும் இடத்தில், ரூட்டில் கசடும் ஒட்டாத இடமும் சேர்ந்தன. அல்ட்ராசானிக்காலும் அந்த இடத்தைச் சரியாகப் பார்க்க முடியவில்லை, வெப் மறைக்கிறது. உருகிய உலோகம் வழியாமல் இருக்க அடியில் வைத்த பேக்கிங் ஸ்ட்ரிப் பட்டியை எடுக்காமல் விட்டுவிட்டார்கள். அந்தப் பட்டிக்கும் தூணுக்கும் நடுவே இருக்கும் இடுக்கு ஒரு தயார்நிலை விரிசலாக வெல்டின் ரூட்டில் போய் முடிந்தது. இதற்கெல்லாம் மேல், அன்று புழக்கத்தில் இருந்த ஒரு ஃப்ளக்ஸ் கோர்டு கம்பி, உள்ளே ஃப்ளக்ஸ் பொடி அடைத்த வெல்டிங் கம்பி. வேகமாக நிரம்பும், வலிமை சரியாக இருக்கும். டஃப்னஸ் (கீறல் இருந்தும் உடையாமல் தாங்கும் குணம்) எவ்வளவு என்று அந்தக் கம்பிக்கு யாரும் நிபந்தனையே வைக்கவில்லை. பிறகுதான் பேக்கிங் ஸ்ட்ரிப்பை எடு, ரூட்டைத் தோண்டு, சுத்தமாக்கித் திரும்பப் போடு, மைனஸ் 29 டிகிரியில் 27 ஜூல் தாங்கும் கம்பியைப் பயன்படுத்து என்று விதிகள் வந்தன. மைனஸ் 29 டிகிரி, வெயில் ஊரான லாஸ் ஏஞ்சலீஸுக்கு! கனமான தகடு, எல்லாப் பக்கமும் பிடித்து வைத்த ஜாயின்ட், சட்டென்று வரும் சுமை, இவையெல்லாம் சேர்ந்தால் குளிர் செய்யும் வேலையைச் செய்துவிடும் என்பதை அவர்கள் அப்படித்தான் கற்றார்கள்.

இந்த டஃப்னஸ் விஷயத்தில் இன்னும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். உங்கள் பட்டறையில் வெல்ட் கூப்பன் (மாதிரித் துண்டு) போட்டு லேபுக்கு அனுப்புகிறீர்கள். ரிப்போர்ட் வருகிறது: "பேரன்ட் மெட்டலில் உடைந்தது." எல்லோருக்கும் சந்தோஷம். வெல்டில் உடையாமல் தகட்டில் உடைந்தது, அதாவது வெல்ட் தகட்டை விடப் பலமானது என்று அர்த்தம். சரிதான், ஆனால் அந்தச் சோதனை மெதுவாக, குறை எதுவும் இல்லாத சின்னத் துண்டை இழுத்துப் பார்த்தது. உள்ளே ஒரு கீறல் இருந்தால் அந்த உலோகம் எப்படி நடந்துகொள்ளும் என்று அது சொல்லவே இல்லை. அதைச் சொல்வது சார்ப்பி சோதனை. 10 மி.மீ. சதுரம், 55 மி.மீ. நீளம், நடுவில் 2 மி.மீ. ஆழத்துக்கு வி வெட்டு. ஒரு சுத்தியல் ஊசலாக வந்து அதை உடைக்கும். உடைக்க எவ்வளவு சக்தி செலவானது என்பதுதான் எண். அந்த வி வெட்டுதான் உங்கள் வெல்டுக்குள் இருக்கும் குறையின் பிரதிநிதி.

நாம் வாங்கும் ஐ.எஸ். 2062 (கட்டமைப்பு எஃகுக்கான இந்தியத் தரநிலை) தகட்டிலேயே இது இருக்கிறது. ஏ தரம் என்றால் சார்ப்பி எண் தரவே தேவையில்லை. பி.ஆர். என்றால் நீங்கள் கேட்டால் அறை வெப்பநிலையில் சோதித்துத் தருவார்கள். பி0 என்றால் 0 டிகிரியில். சி என்றால் மைனஸ் 20-ல். ஆர்டரில் "ஐ.எஸ். 2062, இ250" என்று வலிமையை மட்டும் எழுதிவிட்டு எந்தத் தரம் என்று எழுதாத பொறியாளர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். விலை குறைவானதுதான் வரும். பாலத்துக்கும் வரும், கிரேன் கர்டருக்கும் வரும். அந்த ஒரு எழுத்தை எழுதுங்கள் ஐயா.

தகட்டுக்கு எழுதினால் போதாது. வெல்ட் உலோகத்துக்கும், வெல்டை ஒட்டி வெந்துபோன பகுதிக்கும் தனித்தனியாக எண் கேளுங்கள். ஒரே ராடு, ஒரே தகடு, வெவ்வேறு கை என்றால் டஃப்னஸ் மாறும். ராடைப் பக்கவாட்டில் ஆட்டி அகலமாக வீவிங் போட்டு ரெண்டு மூன்று பாஸில் குழியை நிரப்பினால் சூடு அளவு மீறிப் போய், உலோகத்தின் மணிகள் பருத்துவிடும். பருத்த மணி வழியாக விரிசல் சுலபமாக ஓடும். சின்னச் சின்ன நேர் பாஸாகப் போட்டால், ஒவ்வொரு பாஸும் கீழே உள்ளதைத் திரும்பச் சூடாக்கி மணியைப் பொடியாக்கும். அனுபவமுள்ள வெல்டருக்கு இது தெரியும். ஆனால் சின்னப் பாஸாகப் போட்டால் நேரமாகும். நேரத்துக்கு நீங்கள் காசு கொடுப்பதில்லை.

அந்த இடத்துக்குத்தான் வருகிறேன். நம் ஊரில் கட்டமைப்பு வேலைக்குக் கூலி டன் கணக்கில். டன்னுக்கு இவ்வளவு. ஒரு டன் கட்டமைப்பில் வெல்ட் உலோகம் சில பத்துக் கிலோவுக்கு மேல் தேறாது. ஆக, நீங்கள் எடைக்குக் கொடுக்கும் காசு முழுக்கத் தகட்டுக்குப் போகிறது. அந்தத் தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் வேலைக்கு எடையும் இல்லை, விலையும் இல்லை. கௌஜிங் செய்தால் டன் கூடுவதில்லை. தகட்டை முன்கூட்டிச் சூடாக்கும் ப்ரீஹீட் செய்தால் டன் கூடுவதில்லை. 48 மணி நேரம் காத்திருந்து சோதித்தால் டன் குறையவே செய்யும். டன் கணக்கில் கூலி பேசிவிட்டு வெல்டரிடம் தரம் கேட்பது நியாயமே இல்லை. பட் ஜாயின்ட்டுகளுக்கு மட்டுமாவது தனியாக, மீட்டர் கணக்கிலோ ஜாயின்ட் கணக்கிலோ விலை வையுங்கள். கௌஜிங், ப்ரீஹீட், சோதனை எல்லாவற்றையும் அந்த விலைக்குள் எழுதுங்கள். எழுதாத வேலையை யாரும் செய்யப் போவதில்லை.

ராடு பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, எல்லோருக்கும் தெரியும், யாரும் செய்வதில்லை. 7018 என்ற வகை வெல்டிங் ராடின் மேல்பூச்சு ஈரத்தை இழுக்கும். ஈரத்திலிருந்து ஹைட்ரஜன் வெல்டுக்குள் போகும். தகடு கனமாகவும் சீக்கிரம் ஆறுவதாகவும் இருந்தால் வெல்டை ஒட்டிய பகுதி கெட்டிப்படும். அந்தக் கெட்டிப்பட்ட இடத்தில் ஹைட்ரஜன் சேர்ந்து, உள்ளே இருக்கும் இழுப்போடு கூட்டுச் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாமல் கீறும். இது சுடச்சுட நடக்காது. வெல்ட் ஆறி, கைச்சூட்டுக்கு வந்த பிறகு, சில மணி நேரத்திலோ இரண்டு நாள் கழித்தோ நடக்கும். அதனால்தான் சில எஃகு வகைகளுக்கு 48 மணி நேரம் கழித்துச் சோதி என்று விதி இருக்கிறது. ஐப்பசி கார்த்திகை மழையில் பாதி பிரித்த ராடு பாக்கெட்டைத் தரையில் வைத்து, அதிலிருந்து எடுத்துக் கனமான தகட்டில் போடுவதைப் போன மாதமும் பார்த்தேன். ராடு ஓவன் பட்டறையில் இருந்தது. அதற்குள் யாரோ சாப்பாட்டு டிபன் வைத்திருந்தார்கள். ஒரு பாக்கெட் ராடைத் தயாரிப்பாளர் சொன்ன சூட்டில் இரண்டு மணி நேரம் வாட்டி, 120 டிகிரி ஓவனில் வைத்து, வெல்டர் கையில் குவிவரில் (ராடைச் சூடாக வைக்கும் கைப்பெட்டி) கொடுத்து, நான்கு மணி நேரத்துக்குமேல் வெளியே கிடந்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஒரு ஆள் போதும். அந்த ஆளின் சம்பளம் ஒரு ரிப்பேருக்கு ஆகும் செலவை விடக் குறைவு.

இனி, "சும்மா ஒரு கிளீட்டுதானே" என்று, ஒட்டிவைக்கும் சின்ன இணைப்புத் துண்டைப் பற்றிய பேச்சு. எனக்கு மிகவும் பயம் தரும் பேச்சு இதுதான்.

1980 மார்ச் 27. வட கடலில் எகோஃபிஸ்க் எண்ணெய் வயலில் அலெக்சாண்டர் கீலாண்ட் என்ற நார்வே நாட்டு மிதக்கும் தளம். எண்ணெய்த் தொழிலாளர்கள் தங்கிச் சாப்பிட்டுத் தூங்கும் இடமாக அதை வைத்திருந்தார்கள். ஐந்து கால்கள், கால்களை இணைக்கும் பெரிய குழாய்கள். அன்று மாலை புயல். அந்தக் குழாய்களில் ஒன்று உடைந்தது. அது உடைந்ததும் அந்தக் காலைப் பிடித்திருந்த மற்றக் குழாய்களும் அடுத்தடுத்துப் போய், கால் ஒன்று அப்படியே கழன்றது. தளம் சாய்ந்து, கொஞ்ச நேரத்தில் கவிழ்ந்தது. இருந்தவர்கள் 212 பேர். 123 பேர் இறந்தார்கள்.

விசாரணையில் விரிசலின் தொடக்கத்தைத் தேடிப் போனார்கள். பெரிய ஜாயின்ட் எதிலும் அது இல்லை. அந்தக் குழாயில் ஒரு துளை போட்டு, ஹைட்ரோஃபோன் எனும் நீரடி ஒலிவாங்கியைப் பொருத்த ஒரு சின்னத் தாங்கியை வைத்து, சுற்றிலும் 6 மி.மீ. ஃபில்லட் வெல்ட் போட்டிருந்தார்கள். சுமை தாங்கும் உறுப்பாக அதை யாரும் நினைக்கவில்லை. வெல்ட் மோசம், ஊடுருவல் சரியில்லை, தாங்கியின் தகடும் அடுக்கடுக்காகப் பிரியும் தன்மை கொண்டது. அங்கே தொடங்கிய விரிசல் பெரிய குழாய்க்குள் நுழைந்து, அலை அடிக்க அடிக்க வளர்ந்து, குழாயைச் சுற்றி வந்துவிட்டது. உடைந்த முகத்தில் ஒரு பகுதியில் பெயின்ட் இருந்தது.

அந்த வாக்கியத்தை நான் படித்தபோது கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். விரிசலுக்குள் பெயின்ட் போயிருக்கிறது என்றால், பெயின்ட் அடிக்கும்போதே விரிசல் இருந்திருக்கிறது. பிரான்சில் அதைக் கட்டிய யார்டிலிருந்து 1976-ல் வெளியே போவதற்கு முன்னமே அது அங்கே இருந்தது. யாரோ ஒரு பெயின்டர் அதன்மேல் பிரஷ் ஓட்டியிருக்கிறார். அவருக்கு எப்படித் தெரியும்?

கிளீட், தூக்குவதற்காக ஒட்டும் லிஃப்டிங் லக், ஃபிட்டிங்குக்காக ஒட்டி அப்புறம் சுத்தியலால் தட்டி எடுக்கும் தற்காலிகத் துண்டு, கைப்பிடிக்கு வைக்கும் தாங்கி, கேபிள் டிரே ஆங்கிள், ராடைத் தட்டிப் பார்க்கும்போது தகட்டில் விழும் ஆர்க் அடி, இவை எதுவும் டிராயிங்கில் பெரிதாக இருக்காது. ஆனால் விரிசலுக்கு டிராயிங் படிக்கத் தெரியாது. கர்டரின் இழுவிசை ஃபிளேஞ்சில் ஒரு கிளீட்டை ஒட்டினால் அந்த இடத்தின் ஆயுள் அந்தக் கிளீட் வெல்டின் ஆயுள்தான். திரும்பத் திரும்ப ஏறி இறங்கும் சுமையில், ஃபட்டீக் என்கிறோமே, அதில் வெல்டின் ஓரம்தான் முடிவு செய்கிறது. ஏற்ற இறக்கத்தைப் பாதியாகக் குறைத்தால் ஆயுள் சுமார் 8 மடங்கு கூடும். அதுவே விலை கூடிய உயர்ந்த தர எஃகை வாங்கிப் போட்டால், சாதாரணமாகப் போட்டு விட்ட வெல்டின் ஃபட்டீக் ஆயுள் கூடவே கூடாது, ஏனென்றால் ஓரத்தில் கீறல் ஏற்கெனவே இருக்கிறது. இதைச் சொன்னால் நம்பாத வடிவமைப்புப் பொறியாளர்களையும் பார்த்திருக்கிறேன். தற்காலிகத் துண்டுகளைச் சுத்தியலால் தட்டாமல் வெட்டி எடுத்து, கிரைண்டரால் தகட்டோடு சமமாக்கி, விரிசலைக் காட்டும் சிவப்புச் சாயம் போட்டுப் பாருங்கள். 10 நிமிஷ வேலை.

தென் கொரியத் தலைநகர் சியோலில் 1994 அக்டோபர் 21 காலை சியோங்சு பாலத்தின் நடுத்துண்டு ஹான் ஆற்றில் விழுந்தது. 1979-ல் திறந்த பாலம், 15 வயதுதான். 32 பேர் இறந்தார்கள். ஒரு பேருந்தில் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த மாணவிகளும் அதில் உண்டு. நடுத்துண்டைத் தாங்கிய தொங்கு உறுப்புகளின் வெல்டுகளில் முழு ஊடுருவல் இல்லை என்று விசாரணையில் வெளிவந்தது. நான் கையெழுத்துப் போட்ட ஃபிளேஞ்சில் இருந்ததும் அதே குறைதான். அங்கே ஒரு கிரேன் ஆபரேட்டர் காதை நம்பினார். சியோலில் அது காலை நேர நெரிசல்.

பொறியாளர்களே, உங்களிடம் ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். 10 சதவீத எக்ஸ்ரே என்று எழுதுகிறீர்கள். எந்த 10 சதவீதம் என்பதைப் பட்டறையிடமே விட்டுவிடுகிறீர்கள். நல்ல வெல்டர், நல்ல நிலையில், நல்ல வெளிச்சத்தில் போட்ட ஜாயின்ட்டைத்தான் அவர்கள் காட்டுவார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். பட்டியலை நீங்கள் போடுங்கள், வெல்ட் முடிந்த பிறகு போடுங்கள். ஒவ்வொரு வெல்டருடைய ஜாயின்ட்டும் அதில் வரட்டும். குனிந்து, படுத்து, தலைக்கு மேல் போட்ட ஜாயின்ட் முதலில் வரட்டும். சோதனை முடிந்து ரிப்போர்ட் கைக்கு வரும்வரை ஜாயின்ட்டின் இரு பக்கமும் ஒரு சாண் அகலம் பெயின்ட் அடிக்கக் கூடாது என்று எழுதுங்கள். போன மாதம் நான் பார்த்தது உங்களில் ஒருவருடைய கர்டராகவும் இருக்கலாம்.

பட்டறை உரிமையாளர்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் அதற்குள் அடங்கும். தான் போட்ட பாஸ் கெட்டுப்போனதை முதலில் அறிபவர் வெல்டர். ஆர்க்கின் சத்தம் மாறும், உருகிய உலோகக் குழம்பு ஓரத்தில் ஏறாது, கசடு முன்னால் ஓடும். எந்த எக்ஸ்ரேவுக்கும் முன்னால் அவருக்குத் தெரியும். ஆனால் சொன்னால் ரிப்பேர் அவர் கணக்கில், கூலி வெட்டு, திட்டு. அதனால் அடுத்த பாஸைப் போட்டு மூடிவிடுகிறார். மூடிய பிறகு அதைத் தேட உங்களுக்கு மெஷின் வேண்டும், ஆள் வேண்டும், அதிர்ஷ்டமும் வேண்டும். தானாக வந்து சொன்ன குறைக்குக் கூலி வெட்டக் கூடாது என்று உங்கள் பட்டறையில் ஒரு விதி போடுங்கள். போர்டில் எழுதி மாட்டுங்கள். சொன்னவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பாராட்டுங்கள். அப்புறம் பாருங்கள், எத்தனை ஜாயின்ட் மூடுவதற்கு முன்னால் சரியாகிறது என்று.

அப்படி என்னிடம் ஒருவர் வந்து சொன்னார். நான் கேட்கவில்லை. அவரை அதன்பிறகு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க என்னண்ணே பண்ணுவீங்க, லாரி நின்னுச்சே" என்றார். என்னைத் தேற்றத்தான் சொன்னார். எனக்கு அது தேறுதலாக இல்லை.

வெல்டிங்கைப் பற்றிக் கற்றுக்கொள்ள நாம் எங்கேயும் அலைய வேண்டியதில்லை. வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம் 1975 முதல் நம் திருச்சியிலேயே இருக்கிறது. நல்ல வெல்டர்களுக்கு நம் ஊரில் பஞ்சமே வந்ததில்லை. இங்கே பழகிய கைகள் வளைகுடா வரை போய் வேலை செய்கின்றன. அங்கே ப்ரீஹீட்டும் ஓவனும் 100 சதவீதச் சோதனையுமாகப் போடும் அதே பையன், லீவில் ஊருக்கு வந்து நம் பட்டறையில் நின்றால் தரையில் கிடக்கும் ராடை எடுக்கிறான். கை மாறவில்லை, பட்டறை மாறியிருக்கிறது.

வெட்டி எடுத்த அந்த ஃபிளேஞ்சிலிருந்து ஒரு கை அகலத் துண்டை அன்றைக்கே கேட்டு வாங்கி வந்தேன். எண்ணெய் தடவி, துணியில் சுற்றி வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். நடுவில் அந்தக் கறுப்புக் கோடு இன்னும் அப்படியே இருக்கிறது. எந்தப் பட்டறை கூப்பிட்டாலும் எடுத்துக்கொண்டு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், பையன்களுக்கு அது ஒரு நாள்தான் ஓய்வு. வேலை நாளில், கூலி வெட்டாமல், ஒரு மணி நேரம் மெஷினை நிறுத்திவிட்டு எல்லோரையும் கூப்பிடுங்கள். வெல்டர், ஃபிட்டர், கிரைண்டர் பிடிப்பவர், பெயின்டர் எல்லோரும் வரட்டும். பெயின்டர் கட்டாயம் வரட்டும். ஆளுக்கு ஒரு முறை கையில் வாங்கி அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்க்கட்டும். எனக்கு டீ மட்டும் போதும்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற வெல்டிங் இன்ஸ்பெக்டர் ஒருவன்,
திருவெறும்பூர்